மூன்று குண்டு நெல்

விதைப் பரிசோதனை ஆய்வகத்தில் சேர்ந்தபோது முளைப்பறையில் வேலை என்று நினைத்துப் போனேன். கிடைத்தது வாசல் மேசையும் பதிவேடும். மாதிரி வாங்கி, பிரித்து, மீதியைப் பத்திரப்படுத்துவதுதான் வேலை. சரி என்று உட்கார்ந்தேன்.

நெல் என்றால் துணிப்பையில் 400 கிராம் வர வேண்டும். ஈரப்பதம் பார்க்க 100 கிராம் தனியாக, காற்றுப் புகாத பாலித்தீன் பையில். முதல் வாரமே ஒருவர் எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் கட்டி, மழையில் பைக்கில் கொண்டுவந்தார். ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டினால் தேறாது. தாண்டியது அவர் காயப்போட்ட குறையா, வழியில் பெய்த மழையா என்று யார் சொல்வது? திருப்பிக் கொடுத்தேன். முறைத்துவிட்டுத்தான் போனார்.

பதிவேட்டில் ஏற்றியதும் பைக்கு ஒரு குறியீட்டு எண். அப்புறம் அது யார் விதை என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. பயிரும் ரகமும் மட்டும் தெரியும்.

பிரிப்பதற்குப் போர்னர் டிவைடர். மேலே கொட்டினால் விதை ஒரு கூம்பின் மேல் விழுந்து, சுற்றியுள்ள தடங்கள் வழியாக இரண்டு தட்டுகளுக்குச் சரிபாதியாக இறங்கும். முதலில் முழு மாதிரியையும் இரண்டு மூன்று முறை விட்டுக் கலக்க வேண்டும். பிறகு 400, 200, 100, 50. தூய்மைச் சோதனைக்கு 40 கிராம் குறையாமல் இருந்தால் போதும். பார்க்க எளிதாக இருந்ததால் ஒரு நாள் காலையில் வேகமாக இருபது பை முடித்துவிட்டேன்.

மதியம் தூய்மை மேசையிலிருந்து அக்கா கூப்பிட்டார். சன்ன ரகமான கோ 51 மாதிரியில் மூன்று குண்டு நெல். 50 கிராமில் மூன்று என்றால் கிலோவுக்கு 60. சான்று விதையில் பிற ரகம் கிலோவுக்கு 20 வரைதான் இருக்கலாம்.

"இதுக்கு முன்னாடி டிவைடர்ல என்ன போட்டே தம்பி?"

பதிவேட்டைப் பார்த்தேன். அம்பை 16. அதுவோ குண்டு ரகம். நடுவில் டிவைடரைத் தட்டவும் இல்லை, பிரஷ் போடவும் இல்லை. அக்கா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "கார்டு சாம்பிளை எடுத்துட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

கார்டு சாம்பிள் என்பது பிரித்த பின் மிஞ்சுவது. எண் ஒட்டி, குளிரூட்டிய, ஈரம் இல்லாத அறையில் அடுக்கிவைப்போம். அதுவரை அந்த அறையை எலி வராமல் காக்கும் கிடங்காகத்தான் நினைத்திருந்தேன். மீதி 350 கிராமையும் தட்டில் கொட்டி இருவரும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். சாயங்காலம் ஐந்தரை ஆகிவிட்டது. ஒரு குண்டு நெல்கூட இல்லை.

டிவைடரைக் கவிழ்த்துத் தட்டினேன். தட இடுக்கிலிருந்து இன்னும் இரண்டு விழுந்தன. அன்று காலையில் பிரித்த மற்ற பைகளையும் மறுநாள் முதலிலிருந்து பிரித்தேன்.