வயலைவிட அந்த மலைதான்

அமெரிக்கக் கலைஞர் ஆக்னஸ் டெனெஸ் பெயரைத் தேடினால் முதலில் வருவது ஒரு கோதுமை வயல் படம்தான். முற்றிய கதிர்களுக்கு நடுவே அவர் நிற்கிறார், பின்னால் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதிக் கட்டடங்கள். 1982இல் எடுத்தது. உலக வர்த்தக மையத்தைக் கட்டத் தோண்டிய மண்ணைக் கொட்டி ஆற்றோரம் நிரப்பியிருந்த இடம், பங்குச் சந்தையும் நிதி நிறுவனங்களும் இருக்கும் வால் ஸ்ட்ரீட் கூப்பிடு தூரம், அன்றைக்கே அந்த நிலத்தின் மதிப்பு 450 கோடி டாலர் என்றார்கள். அதில் இரண்டு ஏக்கரை எடுத்துக்கொண்டு, கல்லையும் குப்பையையும் பொறுக்கி, லாரி லாரியாக நல்ல மண் கொண்டுவந்து பரப்பி, கையாலேயே 285 சால் பிடித்து விதைத்தார். அப்புறம் நாலு மாதம் களை பறித்தார், தண்ணீர் கட்டினார், பூஞ்சை தாக்கியபோது மருந்தடித்தார். ஆகஸ்டில் 1000 பவுண்டுக்கு மேல் அறுத்தார்கள். 'இதில் கலை எங்கே இருக்கிறது' என்று கேட்பவர்களுக்கு என் பதில், அந்த உழைப்பு முழுவதுமே கலைதான். பணம் மட்டுமே விளைந்துகொண்டிருந்த இடத்தில் சோற்றுக்கானதை விளைத்துக் காட்டினார்.

ஆனால் வயல் அந்த ஒரு பருவத்தோடு போய்விட்டது. இப்போது அங்கே கட்டடங்கள்.

அதனால்தான் பின்லாந்தில் அவர் உருவாக்கிய 'மர மலை' எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. யலோயார்வி என்ற ஊரில் சரளைக்கல் தோண்டிச் சீரழிந்த நிலத்தில் ஒரு செயற்கைக் குன்றை எழுப்பி, 1992 முதல் 1996 வரை 11,000 பேரைக் கொண்டு 11,000 பைன் கன்றுகளை நடவைத்தார். சூரியகாந்திப் பூவில் விதைகள் அமைந்திருக்குமே, அந்த மாதிரிச் சுருள் சுருளாக, கணக்குப் போட்டு நட்டது. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அரிப்பு நிற்கும், பறவைகள் வரும். அழகும் சீரமைப்பும் ஒரே வேலையாக நடக்கிறது.

நட்டவர் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் உண்டு, 400 வருடத்துக்குச் செல்லும். மரத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், வேறொருவருக்குக் கைமாற்றலாம், ஆனால் அந்தக் காட்டைவிட்டுப் பெயர்த்தெடுக்க முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். சுற்றுச்சூழலைப் பற்றிய ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். டெனெஸ் அப்படிப் போகவிடவில்லை, பார்க்க வந்திருக்க வேண்டியவர்கள் கையில் கன்றைக் கொடுத்து, அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் காவல் பொறுப்பையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டார்.