ஆர்.எச்.சி.எஸ்.ஏ. படிக்கிறீர்களா? என்எஃப்எஸ் ஷேரைத் தேடப் பழகுங்கள்

ஆர்.எச்.சி.எஸ்.ஏ. என்பது ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் லினக்ஸ் செய்முறைத் தேர்வு. அதற்கு எப்படித் தயாராவது என்று கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் லினக்ஸ் படிக்கிற தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். கேள்வித்தாளில் என்ன வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் எழுதவே விடுவார்கள். 3 மணி நேரம், 300க்கு 210 எடுத்தால் பாஸ், இன்டர்நெட் கிடையாது, மேன் பேஜ் (கட்டளைகளுக்கான உதவிப் பக்கம்) உண்டு. என்எஃப்எஸ் மவுண்ட் (சர்வர் நெட்வொர்க்கில் பகிரும் டைரக்டரியை நம் மெஷினில் இணைப்பது), ஆட்டோஎஃப்எஸ் (தேவைப்படும்போது அதைத் தானாக இணைப்பது) இரண்டும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன.

எல்லோரும் மவுண்ட் கட்டளையை மனப்பாடம் செய்கிறார்கள். சர்வர் எந்த டைரக்டரியைப் பகிர்கிறது என்று தேடச் சொன்னால் 'ஷோமவுண்ட் மைனஸ் ஈ' (showmount -e) அடிக்கிறார்கள், எரர் வந்ததும் சர்வரே செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் விஷயம். ஷோமவுண்ட் கேட்பது மவுண்ட்டீ என்ற சர்வீஸிடம், அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சொல்வது 111இல் இருக்கும் ஆர்பிசிபைண்ட். இதெல்லாம் என்எஃப்எஸ் பதிப்பு 3 காலத்து ஏற்பாடு. பதிப்பு 4க்கு 2049 ஒரு போர்ட் போதும், அதனால் ஃபயர்வாலில் என்எஃப்எஸ் மட்டும் திறந்திருந்தால் ஷோமவுண்ட் தோற்கும், மவுண்ட் ஜம்மென்று வேலை செய்யும்.

அப்போது பாதை தெரியாமல் என்ன செய்வது? சர்வர் பெயர், முக்காற்புள்ளி, ஒரு ஸ்லாஷ், அவ்வளவுதான், அதை எம்என்டி (/mnt) டைரக்டரியில் மவுண்ட் செய்து எல்எஸ் (ls) அடியுங்கள், பகிரப்பட்டவை மரம் மாதிரி தெரியும். ஆட்டோஎஃப்எஸ் ஓடினால் ஸ்லாஷ் நெட் (/net) கீழே சர்வர் பெயரைப் போட்டு சிடி (cd) செய்தும் பார்க்கலாம் (வெறும் எல்எஸ் அடித்தால் காலியாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்), ஆனால் அதுவும் மவுண்ட்டீயைத்தான் கேட்கிறது, ஷோமவுண்ட் தோற்ற இடத்தில் இதையும் நம்ப முடியாது.

ஷோமவுண்ட் பதில் தந்தால் வலது பக்கத்தையும் படியுங்கள், எந்த மெஷினுக்கு அனுமதி என்று அங்கே இருக்கும். 'பெர்மிஷன் டினைட்' என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் பாதிப்பேர் அதைப் பார்க்காதவர்கள்.

லேப் செலவு பெரிதில்லை. 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓடும், நம்ம ஏரியாவில் கோடையில் கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கிற வரை படிக்கலாம். சர்வரில் மவுண்ட்டீ, ஆர்பிசிபைண்ட் இரண்டையும் ஃபயர்வாலில் மூடி, திறந்து, மறுபடி மூடிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கிளையன்ட்டில் எந்த எரர் வருகிறது என்று கண் பழகட்டும். அப்புறம் கட்டாயம் ரீபூட். ரீபூட்டுக்குப் பின்னும் நிற்காத மவுண்ட்டுக்கு மார்க் கிடையாது.

சர்வர் எது என்றே தெரியாவிட்டால் என்மேப் (திறந்த போர்ட்களைத் தேடும் கருவி) வைத்து 111, 2049 இரண்டையும் ஸ்கேன் செய்யலாம், ஆனால் சொந்த லேபில் மட்டும். ஆபீஸ் நெட்வொர்க்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்மின் கூப்பிட்டு விசாரிக்கும்போது என் பெயரைச் சொல்லாதீர்கள்.