ஸ்டாக்மேன் கத்தி: மூணாவது பிளேடைத் திறந்தப்பதான் தெரிஞ்சுது

ரெண்டு மாசமா மடக்குக்கத்தி பைத்தியம் பிடிச்சிருக்கு, அதுலயும் ஸ்டாக்மேன்னு சொல்ற மூணு பிளேடு மாடல். முனைகிட்ட முதுகு சரிஞ்சு கூரா முடியுற பெரிய பிளேடு கிளிப், நேர் விளிம்பு வெச்சது ஷீப்ஸ்ஃபுட், அப்புறம் முனை மொண்ணையா ஒரு ஸ்பே. அமெரிக்காவுல கால்நடை வளக்கிறவங்களுக்காக வந்த டிசைன் இது, ஸ்பே எதுக்குன்னா காயடிக்க, முனை கூரா இருந்தா தெரியாம குத்திடும்ல. கேஸ் கம்பெனியோட சில கத்தில அந்த பிளேடு மேலயே 'சதைக்கு மட்டும்'னு பொறிச்சிருப்பாங்க. நான் அதுல பார்சல் டேப் கிழிக்கிறேன், அது வேற கதை.

இப்போ கையில ஆறு இருக்கு, கேஸ், பக், ரஃப் ரைடர்னு மூணு பிராண்டும் கலந்து.

முதல் வாரம் நான் பண்ணது சுத்த வேஸ்ட். ஆறுலயும் பெரிய பிளேடை மட்டும் ஒரே கல்லுல தீட்டி, அட்டைப்பெட்டியா வெட்டித் தள்ளி, எது கூர் நிக்குதுன்னு நோட்டுல எழுதுனேன், பெருசா வித்தியாசமே தெரியல. ஸ்டீல் பேரை வெச்சும் ஒண்ணும் பிடிபடல, 440ஏ-ங்கிற ஸ்டீல்ல கார்பன் 420ஹெச்சிங்கிற ஸ்டீலை விட ஜாஸ்திதான், ஆனா பதம் போடுறது, அதாவது சூடாக்கிக் குளிரவெச்சு கெட்டிப்படுத்துறது, ஒழுங்கா இல்லேன்னா அந்த கார்பன் இருந்து என்ன பிரயோஜனம். பக் அதே 420ஹெச்சிய பால் பாஸ்ங்கிறவரோட முறைல பதம் போட்டுத்தான் இத்தனை வருஷமா ஓட்டுறாங்க. கேஸோட சிவி (குரோம் வனேடியம்) ஸ்டீல் மட்டும் தனி ரகம், சீக்கிரம் தீட்ட வருது, ஆப்பிள் நறுக்குனா நீலமா சாம்பலா கறை ஏறும், துடைக்காம வெச்சா துரு.

அப்புறம்தான் சின்ன பிளேடு பக்கம் போனேன், கதையே மாறிடுச்சு. இந்த மாதிரி கத்தில பொதுவா மூணு பிளேடுக்கு முதுகுல ரெண்டே ஸ்பிரிங், அதனால ஒரு ஸ்பிரிங்கோட ரெண்டு முனைலயும் ஆளுக்கொரு பிளேடு உக்காந்திருக்கும், போதாததுக்கு மடக்கும்போது ஒண்ணை ஒண்ணு உரசாம போகணும்னு பிளேடை அடிப்பக்கத்துல லேசா வளைச்சு விடுவாங்க. ஒரு பிளேடு வெச்ச கத்தில இந்த தலைவலியே கிடையாது. வேலைத்தரம் தெரியணும்னா இந்த வளைவைத்தான் பாக்கணும், கிளிப்பை எவன் வேணா நல்லா பண்ணிடுவான்.

நான் இப்போ பாக்குறது இப்படி. மடக்கி வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடி, ஸ்பிரிங்குக்கும் கைப்பிடிக்கு உள்பக்கம் இருக்கிற பித்தளைத் தகடான லைனருக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா இடைவெளி இருக்குன்னு அர்த்தம். அப்புறம் முதுகுல விரலை ஓட்டு, மடக்குனப்பவும் முழுசா திறந்தப்பவும் ஸ்பிரிங் லைனரோட சமமா இருக்கணும், பாதி திறந்த நிலைலயும் சமமா நின்னா அவன் கில்லாடி. கடைசியா மூடுற சத்தம், 'டக்'னு விழணும், நடுவுல சோம்பேறியா நிக்கக்கூடாது. இதை வாக் அண்ட் டாக்னு சொல்றாங்க.

ஆறுல மட்டமா போனது எதுன்னு பேர் போடல, ஒரே ஒரு பீஸை வெச்சு கம்பெனிய திட்டுறது நியாயமில்ல. அதுல கிளிப் அருமை, ஷீப்ஸ்ஃபுட் பரவால்ல, ஸ்பேய நகம் வெச்சுத் திறக்கப் போய் பாதி நகம் போச்சு, திறந்து பாத்தா பக்கத்து பிளேடு உரசி நீளமா ஒரு கோடு. ஆனா விலை குறைச்சலா வாங்குன இன்னொண்ணுல மூணுமே பட்டு மாதிரி திறக்குது, நானே நம்பல.

அந்த மக்கர் கத்திக்கு நேத்து ஜாயிண்ட்ல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஐம்பது தடவை திறந்து மூடுனேன். கறுப்பா அழுக்கு வந்துச்சு, பாலிஷ் பண்ணப்ப மாட்டுன தூளா இருக்கும். துடைச்சு மறுபடி எண்ணெய் விட்டேன், இப்போ நகம் தப்பிக்குது. உரசல் மட்டும் அப்படியேதான் இருக்கு, வளைவைச் சரி பண்றேன்னு நானே வைஸ்ல (இறுக்கிப் பிடிக்கிற பட்டறைக் கருவி) வெச்சு அமுக்குனா பிளேடு உடைஞ்சாலும் உடையும், அதனால கை வைக்கல.