ம் கொட்டாமல் ஒரு பேட்டி

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுக்கு எழுதுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அதற்குள் கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் அடித்து, பெயரும் நம்பரும் எழுதி இறக்கிவிட வேண்டும். அப்படி ஒரு மே மாதம், பாம்பன் தெற்குவாடியில் ஓர் ஓவியரைப் பேட்டி எடுக்கப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் படகுக்கு மட்டுமே எழுதியவர். வேண்டியது பத்து நிமிட வீடியோ. ஒரு பகல் போதும் என்று நினைத்தேன். மூன்று நாள் ஆனது.

முதல் நாள் கச்சான் காற்றோடு போயிற்று. கைலி, பனியனில் இருந்தவருக்குக் காலர் மைக்கைக் குத்தி, பின்னால் கடல் தெரிய நாற்காலியில் உட்கார வைத்தேன். (கடலைப் பின்னால் வைக்க ஆசைப்படாத கேமராக்காரர் இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு.) ஹெட்போன் பாதி நேரம் என் கழுத்தில்தான் கிடந்தது. ராத்திரி லாட்ஜில் போட்டுக் கேட்டால் அவரைவிடக் காற்றுதான் அதிகம் பேசியிருக்கிறது. அவர் பேசியதும் "ஆமா", "அப்படித்தான்" அவ்வளவே.

மறுநாள் படகின் மறைவுக்குப் போனோம். அங்கே வேறு தொல்லை: நீல எனாமலில் வெயில் பட்டு அவர் முகமெல்லாம் நீலம். வெள்ளை வர்ணம் அடித்து முடித்த படகுக்கு மாறினோம். நாற்காலி வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்று விட்டுவிட்டேன்.

வண்ணப்பொடி தேய்த்த நூலின் ஒரு முனை அவரிடம், மறுமுனை பத்தடி தள்ளி அவர் தம்பி மகனிடம். சுண்டினால் பலகையில் நேர்கோடு விழுந்தது. பெயரின் முதல் எழுத்து அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்மூக்கில். அதை மற்ற எழுத்துகளைவிட அகலமாக இழுத்தார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

"இங்கிட்டு வளைவு தம்பி. ஒரே அளவா எழுதினா தூரத்துல இருந்து பாக்குறப்ப இந்த எழுத்து மட்டும் நசுங்கிப்போகும். படகுக்கு அந்தப் பக்கம்னா கடைசி எழுத்தை இழுக்கணும்."

பெயர் முடிந்து பதிவு எண். இந்தக் கரையின் படகுகளுக்கு இந்தியா, தமிழ்நாடு என்பதன் சுருக்கமாக ஐஎன்டி டிஎன் 10 என்று தொடங்கும். "பேரு ஓனருக்கு. நம்பரு அங்கிட்டு இருக்கிறவனுக்கு" என்று பிரஷ்ஷைக் கிழக்கே நீட்டினார். அந்தத் திசையில் இலங்கை.

பேட்டியே அந்த ஒரு வரிதான் என்று தோன்றியது. ராத்திரி கேட்டேன். வரி முழுக்க என் குரல்: "ம்... ம்... அடடா... ம்." கையெட்டும் தூரத்தில் நின்றதால் அவர் மைக்கிலேயே ஏறியிருக்கிறது. தனியாகப் பிரிக்கவும் முடியாது. கதை சொல்கிறவருக்கு ம் கொட்ட வேண்டும் என்று பாட்டி பழக்கிய நாக்கு, என்ன செய்ய?

மூன்றாம் நாள் வாயைக் கட்டிக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் அவரும் நிறுத்திவிட்டார். "என்ன தம்பி, கேக்குறீங்களா?" தலையாட்டலாம்தான், ஆனால் அவர் முகம் பலகையைப் பார்த்தல்லவா இருக்கிறது! நேற்றுச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். எழுந்து நின்று, கைலியை இறக்கிவிட்டு, "பெயர் என்பது உரிமையாளருக்கு உரியது" என்றார். அதோடு மறு டேக் கேட்கும் வழக்கத்தை விட்டேன்.

கடைசியில் அந்தப் பையனிடம் சொன்னேன்: "தம்பி, நீ ம் கொட்டு." பத்தடி தள்ளி நிற்பதால் அவன் குரல் லேசாகத்தான் விழும். நாலைந்து ம் சரியாகக் கொட்டினான். பிறகு அவனுக்கே கேள்வி வந்துவிட்டது.

"பெரியப்பா, நீங்க எழுதின போட்டுல எத்தனை அங்கிட்டுப் பிடிபட்டுத் திரும்பி வரல?"

ஒன்றரைப் பக்கம் கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதில் இது இல்லை.

அவர் திரும்பவில்லை. சுழியை முடித்து, பிரஷ்ஷை டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்து, அடுத்த எழுத்தின் காலை இறக்கினார்.

"நாலு."

எடிட்டிங்கில் அந்த மௌனம் 11 விநாடி. இழுக்கிறது, வெட்டலாம் என்றார்கள். நடுவில் ஓரிடத்தில், பதில் வராமலே, பையன் ஒரு ம் கொட்டியிருக்கிறான். அதையும் வைத்துக்கொண்டேன்.