வயலின் பேஸும் வாக்ஸ் பெட்டியும்

எங்களுடையது பீட்டில்ஸ் பாட்டு மட்டுமே வாசிக்கிற ட்ரிப்யூட் பேண்ட். பேஸ் கிட்டார் என் தலையில். பீட்டில்ஸின் பேஸ் வாசிப்பாளர் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கினாரே, அந்த வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் கையில் இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே வெற்றுக்கூடு, தூக்கினால் பஞ்சு மாதிரி. ஸ்கேல், அதாவது அதிரும் கம்பியின் நீளம், 30 அங்குலம்தான். 34 அங்குல ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் பழகின விரல் முதல் வாரம் முழுக்க ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) தாண்டிப் போய் விழுந்தது. ஃப்ளாட்வவுண்ட் என்கிற வழவழப்பான கம்பி மாட்டின பிறகுதான் அந்த 'தும் தும்' வந்தது. ஆனால் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) கொஞ்சம் கூட்டினால் போதும், கூடு ஊளையிடுகிறது!

பழைய வாக்ஸ் வால்வ் ஆம்ப் மேல் ஆசைதான், தூக்க முதுகு வேண்டுமே. அதனால் பெட்டி மட்டும் மேடையில் அழகுக்கு நிற்கும். சத்தம் டிஐ பாக்ஸ் வழியாக, அதாவது கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கிற சின்னக் கருவி வழியாக, நேரே மிக்ஸருக்கு.

மெக்கார்ட்னி இடக்கை, நான் வலக்கை. யாராவது கேட்டால் கண்ணாடியில் பார்க்கச் சொல்லிவிடுவேன்.