ஹட்சன் நதிக்கு மேல் 1,100 அடியில்

மன்ஹாட்டனை ஒட்டி, ஹட்சன் நதியின் மேலேயே சின்ன விமானத்தை ஓட்டிப் போகலாம், கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதிகூட வேண்டாம் என்று பயிற்சியாளர் சொன்னபோது நான் நம்பவே இல்லை. நியூவார்க், லாகார்டியா, கென்னடி என மூன்று பெரிய விமான நிலையங்கள் நெருக்கும் வானம் அது. ஆனால் உண்மைதான். நதியின் மேல் 1,300 அடிக்குக் கீழே ஒரு சந்து விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் நமக்கு வழி சொல்லமாட்டார்கள். 123.05 அலைவரிசையில் அவரவர் இருக்கும் இடத்தை அவரவரே சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

2009 ஆகஸ்ட் 8 அன்று இதே நதியின் மேல் ஒரு சிறிய விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் விதிகள் இறுகின. வேகம் 140 நாட் (knot; மணிக்குச் சுமார் 260 கி.மீ.) அளவைத் தாண்டக் கூடாது, விளக்குகள் எரிய வேண்டும், எப்போதும் அவரவர் போகும் திசைக்கு வலது கரையோரம்தான். நிற்காமல் கடந்து போகிறவர்கள் 1,000 அடிக்கு மேல், கரையில் ஏறி இறங்கும் ஹெலிகாப்டர்கள் அதற்குக் கீழே. ஆக, நமக்கு மிஞ்சுவது 300 அடி.

இதற்கென்றே உள்ள இணையப் பாடத்தை முடித்தேன். அப்புறம் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, பென்சிலை விமானமாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. ஆல்பைன் கோபுரம் தெரிந்ததும் வேகத்தை 90 நாட் அளவுக்குக் குறைத்து முதல் அறிவிப்பைச் சொன்னேன். எஃப்.எம். வானொலியைக் கண்டுபிடித்த ஆர்ம்ஸ்ட்ராங் எழுப்பிய கோபுரம் அது; அங்கிருந்து வானொலியில் பேசத் தொடங்குவது எனக்கு ஏனோ பிடித்திருந்தது. அடுத்து, "வெள்ளை செஸ்னா, ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், தெற்கு நோக்கி, ஆயிரத்து நூறு அடி."

மன்ஹாட்டன் கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் இன்ட்ரெபிட் போர்க்கப்பலை நெருங்கும்போதுதான் அந்தக் குரல் கேட்டது: ஹெலிகாப்டர், இன்ட்ரெபிட், வடக்கு நோக்கி, 900 அடி. எதிரே வருகிறது. தேடினேன். பின்னால் ஆயிரக்கணக்கான ஜன்னல்கள் மின்னும்போது ஒரு ஹெலிகாப்டரை எங்கே கண்டுபிடிப்பது? பயிற்சியாளர் வாய் திறக்கவில்லை, அவரும் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் காட்டிக்கொடுத்தது நிழல்தான். சாம்பல் நிறத் தண்ணீரின் மேல் ஒரு கருப்புப் புள்ளி வழுக்கிக்கொண்டு போனது. கண்ணை அங்கிருந்து மெல்ல உயர்த்தினேன். மன்ஹாட்டன் கரையோரம், நமக்குக் கீழே, தன் பாதையில் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. "பார்த்துவிட்டேன்" என்று வானொலியில் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

அதன் பிறகு ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்தேன். இடது ஜன்னலில் ஒன் வேர்ல்டு டிரேடு சென்டர். உயரம் 1,776 அடி. பறந்துகொண்டே ஒரு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. சுதந்திர தேவி சிலையும் வெரசானோ பாலமும் சட்டென்று கடந்துபோயின. மொத்தமே கால் மணி நேரம்தான்.

இறங்கிய பிறகு, பின்சீட்டில் வந்த நண்பர் எடுத்த படங்களைக் காட்டினார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை நான் பார்த்தது அதில்தான். நேரில் அதைக் கடந்தபோது என் கண் தண்ணீரில் இருந்தது. அவரும் விமானிதான். அடுத்த மாதம் அவர் ஓட்டுகிறார். பின்சீட்டு எனக்குத்தான் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.