கதை கேட்டால் தப்பில்லை

2023 டிசம்பரில் எங்கள் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். வயது 81. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மறுபடி நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். அயர்லாந்தின் மேற்கே மேயோ பகுதியில் உள்ள காங் என்ற சின்ன ஊர்தான் அவருக்குச் சொந்த ஊர். இரவு டியூட்டியில் நான் மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் தூக்கம் வராமல் விழித்துக் கிடப்பார். 1951 கோடையில் ஜான் ஃபோர்டு என்ற டைரக்டர் ஹாலிவுட்டிலிருந்து ஒரு கூட்டத்தோடு வந்து, 'தி கொயட் மேன்' படத்தை அவர் ஊரில் எடுத்தாராம். இவருக்கு அப்போது ஒன்பது வயது. அதில் நடித்த ஜான் வெய்னும் மாரீன் ஓஹாராவும் தன் தெரு வழியாக நடந்து போனதை நேற்றுப் பார்த்ததுபோலச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊர்ல எல்லாரும் பார்த்த பழைய படம் எது? அதோட கதையைச் சொல்லு" என்றார்.

எனக்குச் சொல்ல ஒரு கதைகூட இல்லை.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். பெந்தெகொஸ்தே சபைக் குடும்பம். சினிமா கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது. டிவி வாங்கியதே அண்ணன் சவுதிக்குப் போன பிறகுதான், அதுவும் செய்திக்கு மட்டும். இதற்காக அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சின்ன வயதில் பார்த்த சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே சாராயக் கடை இருந்தது. சனிக்கிழமைக் கூலி அந்த இரண்டு இடத்திலும் கரைந்து, ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியாத வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்த ஒரே படம், சபை மைதானத்தில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டிய இயேசுவின் வாழ்க்கைதான்.

நர்சிங் முடித்து, ஆங்கிலப் பரீட்சை எழுதி, 2022 நவம்பரில் அயர்லாந்தின் கால்வே நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்த மாதத்தில் இங்கே வருகிறவர்கள் பாவம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மழை நேராகப் பெய்யாது, கடல்காற்றோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். வந்த முதல் வாரத்திலேயே, வீடு வாடகைக்கு இருக்கிறது என்று போனில் படம் அனுப்பிய ஒருவரை நம்பி 600 யூரோ முன்பணம் அனுப்பினேன். அப்படி ஒரு வீடே இல்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் அழுதேன்.

வார்டில் மலையாளி நர்சுகள் நிறைய. என் பேச்சைக் கேட்டு என்னையும் மலையாளி என்றே நினைத்தார்கள். சக்கை, மரச்சீனி, 'கொள்ளாம்' என்று பேசினால் யார்தான் நினைக்க மாட்டார்கள்? சரி, தமிழ் ஆட்களோடு சேர்ந்துகொள்வோம் என்று 2023 பொங்கல் கூட்டத்துக்குப் போனேன். வாடகை ஹால், பெரிய குக்கரில் பொங்கல், எல்லாம் நன்றாக இருந்தது. அப்புறம் விளையாட்டு தொடங்கியது. ஒருவர் வசனம் சொல்வார், மற்றவர்கள் படத்தின் பெயர் சொல்ல வேண்டும். பழைய பாட்டின் முதல் வரியைச் சொன்னால் ஹாலே சேர்ந்து பாடியது. சேலம், மதுரை, யாழ்ப்பாணம் என்று ஆளுக்கு ஒரு ஊர், ஒருவரை ஒருவர் அன்றுதான் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்போலச் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். வெள்ளைக்காரர் நாட்டில் அந்நியமாக இருப்பதற்குத் தயாராகத்தான் வந்தேன். தமிழர்கள் நடுவிலும் அப்படி நிற்க நேரும் என்று நினைக்கவில்லை.

மேயோ பாட்டி கேட்ட அந்த மாதக் கடைசியில், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு அறைக்கு வந்தேன். ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்த பைபிள் வசனத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைப்பேன். அந்த வருடம் அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதினேன்: 2024-ல் பழைய தமிழ்ப் படம் 24. மாதம் இரண்டு. எழுதும்போது கை நடுங்கியது உண்மை. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் எழுதினேன்.

முதலில் 'பராசக்தி'. பொங்கல் ஹாலில் அதிகம் கேட்ட பெயர் அதுதான். 1952 தீபாவளிக்கு வந்த படம், கலைஞர் வசனம், சிவாஜிக்கு முதல் படம் என்பதெல்லாம் தேடித் தெரிந்துகொண்டேன். கோர்ட் காட்சிக்காகத்தான் எல்லாரும் அதைக் கொண்டாடுகிறார்கள். என்னைப் பிடித்து உலுக்கியது தொடக்கம். ரங்கூனில் பிழைக்கும் மூன்று அண்ணன்மார். மதுரையில் தங்கைக்குக் கல்யாணம். யுத்த காலம், கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. கடைசித் தம்பி மட்டும் புறப்படுகிறான். சென்னையில் இறங்கியதும் கையில் இருந்ததையெல்லாம் பறிகொடுக்கிறான். நான் படத்தை நிறுத்திவிட்டேன். என் தம்பி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல், டியூட்டி இடைவேளையில் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து போனில் தாலி கட்டுவதைப் பார்த்தவள் நான். 600 யூரோவைத் தொலைத்தவள் நான். நாடு விட்டு நாடு போன தமிழனின் வெப்ராளத்தை, தவிப்பை, அம்மா பிறப்பதற்கு முன்பே எடுத்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டில் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. மறுநாள் இரவு டியூட்டி முடிந்து வந்துதான் மீதியைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவது வழக்கம். ஊரில் அப்போது இரவு ஏழரை, குடும்ப ஜெபம் முடிந்திருக்கும். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அம்மா, "சினிமா பாக்கியது வேண்டாம்னு வச்சிருக்கேன். கதை கேக்கியதுல என்ன தப்பு? சொல்லு மக்களே" என்றார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. படம் பார்ப்பது ஒரு நாள், அம்மாவுக்குக் கதை சொல்வது ஒரு நாள். சொல்ல வேண்டும் என்பதற்காகவே கவனமாகப் பார்த்தேன். மற்ற நாளில் சாப்பிட்டாயா, குளிர் எப்படி, சம்பளம் போட்டார்களா என்பதைத் தாண்டாத எங்கள் பேச்சு, சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஓடியது.

'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை மூன்று தடவை பார்த்தேன். அத்தனை பெரிய முரசுகளின் மேல் அத்தனை பெண்கள் ஆடுவதை 1948-ல் எப்படி எடுத்தார்களோ! சர்க்கஸ் பகுதியைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். 'ஹரிதாஸ்' எனக்குக் கஷ்டமாக இருந்தது, பிரிண்டும் சத்தமும் மோசம். ஆனால் அந்தப் படம்தான் எனக்கு என்.எஸ்.கிருஷ்ணனைக் காட்டிக்கொடுத்தது.

நாகர்கோவில் மணிமேடையில் நிற்கும் கலைவாணர் சிலையைத் தாண்டித்தான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். யார், என்ன என்று கேட்டதே இல்லை. ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர். நம் ஊர் வில்லுப்பாட்டில் தொடங்கி, நாடகத்துக்குப் போய், சினிமாவுக்கு வந்தவர். 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்தது. நவம்பரில், சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை. அந்த வருடம் முடிவதற்குள் படத்தின் நாயகன் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதாகிவிட்டார்கள். அந்தக் காலத்தில் கடைசி அப்பீலைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன வழக்கு அது. 1947 ஏப்ரலில்தான் விடுதலை. இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்த ஒருவர் வெளியே வந்து மறுபடியும் ஜனங்களைச் சிரிக்கவைத்தார் என்பதை யோசித்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

விடுதலையாகி வந்து அவர் நடித்த 'நல்லதம்பி' 1949-ல் வந்தது. அண்ணா எழுதியது. மதுவிலக்கைப் பற்றிய படம் என்று சொன்னதும் அம்மா இடைமறித்தார். "குடிக்கக் கூடாதுன்னு சினிமாவுலயா சொன்னாங்க?" ஆமாம் என்றேன். அதில் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் வரும். நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்கியதுபோல, தாழ்த்தப்பட்ட பையன் கிந்தன் படிப்புக்காக ஏங்குகிறான். ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து ஆளாகிறான். அந்தப் பகுதியை மட்டும் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் கேட்கவைத்தேன். பார்க்கவில்லை, கேட்டார், அவ்வளவுதான். முடிந்ததும், "ஒழுகினசேரிக்காரரா?" என்று இரண்டு தடவை கேட்டார். குரலில் இருந்த பெருமை எனக்குப் புதிது.

ஜூன் மாதம் என்று நினைக்கிறேன், கொல்லத்துச் சேச்சி ஒருவர் காண்டீனில் என் நோட்டை எடுத்துப் பார்த்தார். "இதுல உங்க ஊர்க்காரர் டேனியல் எங்க மோளே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மலையாள சினிமாவின் தந்தை என்று அவர்கள் கொண்டாடும் ஜே.சி.டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். என்னைப்போலவே தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தொண்ணூறு வருடங்களுக்கும் முன்பு, சொந்த நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். எழுதியதும் கேமரா பிடித்ததும் நாயகனாக நடித்ததும் அவரே. நாயகியாக நடித்த பி.கே.ரோஸி தலித் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். டேனியல் எல்லாவற்றையும் இழந்து, பல் மருத்துவராகப் பிழைத்து, 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். தமிழ்நாட்டுக்காரர் என்றும், எடுத்தது பேசாத படம் என்றும் சொல்லிக் கேரள அரசு அவரை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. 1992-லிருந்து அவர் பெயரில்தான் அந்த அரசின் பெரிய சினிமா விருதைக் கொடுக்கிறார்கள். சேச்சி இதையெல்லாம் டேனியல் கதையைச் சொல்லும் 'செல்லுலாயிட்' என்ற 2013 மலையாளப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம்.

'விகதகுமாரன்' என்றால் தொலைந்த பிள்ளை. திருவிதாங்கூரிலிருந்து ஒரு சிறுவனை இலங்கைக்குக் கடத்திக்கொண்டு போகிற கதை. படமும் தொலைந்துவிட்டது, ஒரு பிரதிகூட இல்லை. நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெயரை மட்டும் எழுதி வெறுமையாக விட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அந்தக் கதையைத்தான் மிக நீளமாகச் சொன்னேன். ரோஸிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். நாகர்கோவில் பக்கம் வந்து ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள் என்றேன். "நம்ம பக்கமா வந்தா? அப்பம் பொழைச்சிருப்பா" என்றார்.

செப்டம்பரில் ஒரு ஓய்வு நாளில் காங் போய்வந்தேன். ஜான் வெய்ன் மாரீன் ஓஹாராவைக் கையில் ஏந்தி நிற்கும் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது. படம் வந்து எழுபது வருடம் தாண்டியும் ஆட்கள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். பாட்டியின் வீடு எது என்று எனக்குத் தெரியாது. அவர் ஜனவரியிலேயே நடக்கப் பழகி வீடு திரும்பிவிட்டார். அவர் படுத்திருந்த கட்டிலில் வேறு யாரோ இருந்தபோதுதான் எனக்குச் சொல்லக் கதைகள் சேர்ந்தன.

24 முடியவில்லை, 19 பார்த்தேன். நவம்பரில் வார்டில் ஆள் குறைவு, வாரம் ஐந்து நாள் டியூட்டி. டிசம்பரில் ஊருக்குப் போனேன். விமானத்திலேயே ஒரு யோசனை இருந்தது. 'அந்த நாள்', 1954, எஸ்.பாலசந்தர் டைரக்ட் செய்தது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் பேசும் படம். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அம்மாவிடம் பைய ஆரம்பித்தேன். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, ஒரு கொலை, அதை விசாரிக்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். அம்மா வெகுநேரம் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தார். "ஒரு பாட்டும் இல்லியா? சத்தியமா?" என்றார்.

தம்பியின் லேப்டாப்பை முன்னறை மேஜையில் வைத்தோம். அம்மா கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு அவரே எழுந்து போய்த் திறந்துவைத்தார். "நாம என்ன திருட்டுத்தனமா செய்யியோம்?" இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தார். சிவாஜி சுடப்பட்டுக் கிடக்கிறார், அவர் மனைவியாக பண்டரிபாய். பாதிக்கு மேல் அம்மா நாயகனைக் கவனிக்கவே இல்லை. "அந்தப் பிள்ளை முகத்தப் பாரு மக்களே, அவளுக்கு என்னமோ தெரியும்" என்று பண்டரிபாயையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து அன்று ராத்திரி படுக்கையில், "அவ செஞ்சது சரியா தப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. இருட்டில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவோடு அப்படி நான் பேசியதே இல்லை.

இரண்டு நாள் கழித்து, அடுக்களை வாசலில் அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் மரச்சீனி தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். சித்தியும் எங்கள் சபைதான். நான் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன், பேச்சு காதில் விழுந்தது. "ஜப்பான்காரன் மெட்ராசுல குண்டு போட்ட சமயமாக்கும். ஒரு எஞ்சினியர சுட்டுப் போட்டாச்சு. பக்கத்து வீட்டுக்காரரு ஒரு கதை சொல்லியாரு. தம்பிகாரன் ஒரு கதை சொல்லியான். தம்பி பெஞ்சாதி வேற ஒரு கதை." நான் சனிக்கிழமைகளில் அம்மாவுக்குச் சொல்வதைவிட நன்றாகச் சொன்னார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சித்தியின் கத்தி சீவுவதை நிறுத்திவிட்டது.

"பின்ன யாருதான் சுட்டது?" என்றார் சித்தி.

"அத நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து பாரு. உள்ளதான் இருக்கு."